பாட்டு கேட்கும் டோன்

மெல்லிசைக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவனுக்கு விரல் வேகத்தைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எந்த டோனை வைப்பது என்று முடிவு செய்வதுதான் அது. ஒரு காலத்தில் வயலின் வரிசை, புல்லாங்குழல், கிளாரினெட், ஷெனாய், சிதார், அக்கார்டியன் என்று மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இன்று பெரும்பாலான பார்ட்டிகளில் ரிதம் பக்கம் இரண்டு மூன்று பேர், ஒரு கிதார், இரண்டு கீபோர்டு, அவ்வளவுதான். மற்ற கருவிகளெல்லாம் எங்கள் பத்து விரலுக்கு வந்து சேர்ந்துவிட்டன.

மதுரை வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் வாசித்தே குடும்பம் நடத்தியவன் நான். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: திரையில் தெரியும் பெயரைப் பார்த்து டோன் எடுக்கக் கூடாது, அந்தப் பாட்டில் அந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்று கேட்டு எடுக்க வேண்டும். சொல்ல எளிது. கைக்கு வர வருஷக்கணக்காகும்.

கீபோர்டு புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஒன்றாம் எண்ணில் தொடங்கி வரிசையாக எல்லா டோனையும் தட்டிப் பார்ப்பார்கள். அந்த வரிசைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் கீபோர்டில் பியானோவாக இருக்கும் எண், இன்னொரு கம்பெனியின் கீபோர்டில் டிரம்பெட்டாக இருந்த காலம் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1991-இல் ஜெனரல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்தது. மொத்தம் 128 டோன். எட்டெட்டாகப் பதினாறு குடும்பம். 1 என்றால் கிராண்ட் பியானோ, 41 வயலின், 49 ஸ்டிரிங்ஸ், 74 புல்லாங்குழல். பத்தாவது சேனல் தாளக் கருவிகளுக்கு. எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் ஜி.எம் வரிசைக்குப் போனால் இந்த எண்கள் மாறாது. சில கீபோர்டுகள் சுழியத்திலிருந்து எண்ணும். அவற்றில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு வேறொருவருடைய கீபோர்டில் உட்கார நேர்ந்தால், மனப்பாடமாக இருக்கும் இந்த வரிசைதான் கை கொடுக்கும்.

ஆனால் அந்த 128-இல் நம் பக்கத்துக் கருவிகள் எத்தனை? 105-இல் சிதார், 112-இல் ஷெனாய். இரண்டோடு முடிந்தது. வீணை இல்லை, நாகசுரம் இல்லை, தபலா இல்லை, மிருதங்கம் இல்லை. அங்கே இருக்கும் புல்லாங்குழல்கூட மேல்நாட்டு உலோகக் குழல். மூங்கிலின் காற்று அதில் இருக்காது. பின்னாளில் யமஹா, ரோலண்டு, காசியோ எல்லோரும் இந்தியச் சந்தைக்கென்றே நம் கருவிகளைச் சேர்த்துக் கீபோர்டு கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் தொழில் பழகியவர்கள், இல்லாத கருவியை இருக்கிற டோன்களிலிருந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நெருக்கடிதான் எங்கள் காதைத் தீட்டியது என்று நம்புகிறேன்.

ஒரு கருவியின் குரலை நம் காது எதை வைத்து அடையாளம் காண்கிறது? பெரும்பாலும் தொடக்கத்தை வைத்துத்தான். சுத்தியல் கம்பியில் படும் நொடி, வில் நரம்பைப் பற்றும் நொடி, உதட்டுக் காற்று துளையில் மோதும் நொடி. அந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டு மீதியை மட்டும் கேட்டால், எந்தக் கருவி என்று சொல்லத் தேர்ந்த காதுகூடத் தடுமாறும். ரோலண்டு கம்பெனி 1987-இல் டி-50 என்ற கீபோர்டைக் கொண்டுவந்தபோது இந்த உண்மையைத்தான் நம்பியது. அன்று மெமரி விலை அதிகம். முழு ஒலியையும் பதிவு செய்து உள்ளே வைக்க முடியாது. அதனால் தொடக்கத்தை மட்டும் உண்மையான கருவியிலிருந்து எடுத்து, அதன் பின்னால் வரும் நீட்டலை மின்னணு முறையில் உண்டாக்கி ஒட்டினார்கள். கேட்டவர்கள் வியந்துபோனார்கள். அதற்கு முன் 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 வேறு வழியில் போனது. அதில் பதிவு செய்த ஒலியே கிடையாது. ஒரு அலையை இன்னொரு அலையால் அசைத்துப் பிறப்பிக்கும் எஃப்.எம் முறை. அதன் எலெக்ட்ரிக் பியானோவை மெல்லத் தொட்டால் மென்மையாக இருக்கும். அழுத்தித் தட்டினால் மணிச்சத்தம் தெறிக்கும். 80-களின் மெல்லிய காதல் பாட்டுகளில் உலகம் முழுக்கக் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். 1988-இல் கோர்க் எம் 1 வந்ததும், பதிவு செய்த ஒலிகளே கீபோர்டின் அடிப்படை ஆயின.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லக் காரணம், டோன் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது தொடக்கத்தைத்தான் என்பது. ஸ்டிரிங்ஸை எடுத்துக்கொள்வோம். எந்தக் கீபோர்டிலும் குறைந்தது ஐந்தாறு ஸ்டிரிங்ஸ் இருக்கும். தனியாகக் கேட்கும்போது மெதுவாக எழும்பிப் பரவும் ஸ்டிரிங்ஸ்தான் மனசை இழுக்கும். ஆனால் நிமிஷத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடிதான். அதை நான்காகப் பிரித்து வாசித்தால் ஒரு ஸ்வரத்துக்கு நொடியில் எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். நாம் எடுத்த ஸ்டிரிங்ஸ் எழுந்து நிற்கவே அதைவிட அதிக நேரம் எடுத்தால், ஸ்வரம் காதுக்கு வருமுன் அடுத்தது வந்துவிடும். விரல் சரியாக ஓடியிருக்கும், சபைக்குக் கேட்பது மூட்டமாக இருக்கும். இளையராஜாவின் இடையிசையில் வயலின்கள் ஓடும் இடங்களுக்கெல்லாம் வில்லின் கடி கேட்கும் கூரிய ஸ்டிரிங்ஸ் வேண்டும். சரணத்துக்குப் பின்னால் விரிப்பாக நிற்க வேண்டிய இடத்தில் மெதுவாக எழும்புவது வேண்டும். ஒரே பாட்டிலேயே இரண்டும் வரும். அதனால் ஒரே பாட்டுக்கு இரண்டு ஸ்டிரிங்ஸ் தயாராக வைத்திருப்பேன்.

இன்னொன்று, கருவியின் எல்லை. வயலினின் கடைசிக் கம்பி 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வயலின் பேசாது. கீபோர்டில் அந்த எல்லை கிடையாது, கட்டை இருக்கும் வரை சத்தம் வரும். கீழே இறங்கினால் வயோலா, அதற்கும் கீழே செல்லோ என்று டோனை மாற்ற வேண்டும். இடது கையால் கீழ் ஸ்தாயியில் ஸ்டிரிங்ஸ் கார்டை அப்படியே அமுக்கினால், பேஸ் கிதாரும் பாடகரும் சேர்ந்து மூழ்குவார்கள். பாடகர் மேடையில் வந்து, "அண்ணே, இன்னைக்குத் தொண்டை சரியில்ல, அரைக்கட்டை இறக்கிக்குங்க" என்பார். டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. விரல் பழைய இடத்தில் இருந்தாலும் ஒலி இறங்கிவிடுகிறது; வயலினுக்கே இல்லாத ஸ்வரம் வயலின் டோனில் வரும். அந்த ஒரு ஸ்வரத்தை மேல் ஸ்தாயிக்கு மாற்றி வாசிப்பதா, டோனையே மாற்றுவதா என்று பாட்டு தொடங்குவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

புல்லாங்குழலுக்கு வருகிறேன். மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படம் 1995-இல் வந்தது. ரகுமானின் அந்தப் படத் தீம் இசையில் குழல் வாசித்தவர் நவீன் குமார். அதை வாசிக்கச் சொல்லாத கச்சேரி அந்த நாட்களில் அபூர்வம். சரியான டோன் கிடைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைத்தார்கள். டோன் பாதிதான், மீதி மூச்சு. குழல்காரர் மூச்சு வாங்கியாக வேண்டும், அவர் வாங்கும் இடத்தில் நம் விரலும் எழுந்தாக வேண்டும். சஸ்டெய்ன் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான். குழலில் இரண்டு ஸ்வரம் சேர்ந்து பிறக்காது. நீண்ட ஸ்வரத்தைத் தொடக்கத்தில் நேராக நிறுத்தி, கடைசியில் மட்டும் மாடுலேஷன் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளி அசைக்க வேண்டும்.

இதனால்தான் அசைவு ஏற்கெனவே பதிவாகியிருக்கும் குழல் டோன்களை நான் ஒதுக்கிவிடுவேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் சின்னக் கீபோர்டுகளில் ஒரே பதிவை இழுத்துப் பல கட்டைகளுக்குப் பகிர்ந்திருப்பார்கள். பதிவு செய்த ஸ்வரத்திலிருந்து ஒரு ஸ்தாயி மேலே போனால் அந்த அசைவும் இரு மடங்கு வேகமாகும். கீழே வந்தால் பாதியாகத் தளரும். மேலே நடுக்கம், கீழே சோம்பல். எந்தக் குழல்காரரும் அப்படி ஊதமாட்டார். அசைவில்லாத, காற்றுச் சத்தம் கொஞ்சம் கலந்த டோனை எடுத்துக்கொண்டு, அசைவை நம் கையால் கொடுப்பதே மேல்.

சிதார், வீணை டோன்களில் பிட்ச் பெண்டரைக் கையாள்வதற்கும் ஒழுங்கு இருக்கிறது. கம்பியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. எனவே ரிஷபத்தைத் தட்டிக் காந்தாரத்துக்கு மேல்நோக்கி இழுக்கலாம். காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு வழுக்கி வரவேண்டுமென்றால், ரிஷபத்தின் கட்டையைப் பெண்டர் ஏறிய நிலையிலேயே தட்டி, பிறகு தளர்த்த வேண்டும். கருவியில் நடப்பதும் அதுதான். பெண்டரைக் கீழ்ப்பக்கம் தள்ளி வாசித்தால் ஸ்வரம் சரியாகவே இருக்கும். ஆனாலும் ஏதோ பொய் என்று சபைக்குத் தெரிந்துவிடும். ஏன் என்று அவர்களால் சொல்ல முடியாது, ஆனால் தெரியும்.

கோயில் மேடைகளில் தவறாமல் வரும் விருப்பம், ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்து நாகசுரம். 1968-இல் வந்த அந்தப் படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். என்னிடம் அன்று இருந்த கீபோர்டில் நாகசுரம் கிடையாது. ஷெனாய் டோனை அப்படியே எடுத்தால் வடநாட்டுக் கல்யாணம் ஆகிவிடும். அதன் குரல் மெல்லியது. ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்துப் பார்த்தேன், கனம் வந்தது. ஓபோவை அதன் அடியில் மெல்லிசாகச் சேர்த்தேன், உடம்பு வந்தது. ஆனாலும் ஒற்றை ஆள் வாசிப்பதுபோல் இருந்தது. அந்தப் படத்தில் நாம் கேட்பது இருவர் சேர்ந்து வாசிக்கும் குரல். எவ்வளவு தேர்ந்த ஜோடியாக இருந்தாலும் இரண்டு சீவாளியும் இம்மி பிசகாமல் ஒன்றாக நிற்காது. அந்த மயிரிழை விலகலில்தான் இரட்டை நாகசுரத்தின் கம்பீரம் இருக்கிறது. அதனால் அதே ஷெனாயை இன்னொரு அடுக்காக வைத்து, அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் அதில் நாலு பங்கு மட்டும் விலக்கினேன். எக்கோவைக் குறைத்தேன். அன்று மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த கோயில் நாகசுரக்காரர், கச்சேரி முடிந்ததும் வந்து, "குழந்தே, இதுல தவிலும் சேர்த்துட்டீனா எனக்கு வேலை இல்ல" என்றார். அவர் மனசாரப் பாராட்டினார். எனக்கு அந்தச் சொல் அதற்கப்புறம் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் ஹெட்போனில் எடுத்த டோன் மண்டபத்தில் நிற்காது. இதைப் புதியவர்கள் நம்பமாட்டார்கள். ஹெட்போனில் பியானோ இரண்டு காதுக்கும் அகலமாக விரிந்து கேட்கும். அது இரண்டு மைக்கில் எடுத்த பதிவு. மண்டபத்தில் மைக் செட்காரர் ஒரே ஒயரைத்தான் நீட்டுவார். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், பியானோ உள்ளீடற்றுப் போகும். ஒற்றை ஒயர் என்றால் மோனோ என்று எழுதியிருக்கும் இடது துளையில்தான் சொருக வேண்டும். மோனோ பியானோ டோன் தனியாக இருந்தால் அதையே எடுக்க வேண்டும். அகலம் போகும். ஆனால் கடைசி வரிசை வரை ஒவ்வொரு ஸ்வரமும் போய்ச் சேரும்.

எக்கோவும் அப்படித்தான். டைல்ஸ் தரையும் கண்ணாடி ஜன்னலுமாக இருக்கும் மண்டபத்துக்குச் சொந்தமாகவே எக்கோ உண்டு. அங்கே டோனில் இருக்கும் ரிவர்பை ஏறக்குறைய மூடிவிடுவேன். கொடை விழாவில் திறந்த பொட்டலில் மேடை போட்டிருந்தால் சத்தம் திரும்பி வர இடமே இல்லை, அங்கே திறந்துவிடுவேன். ஒவ்வொரு டோனும் ஒரே அளவு சத்தத்தில் நிற்கிறதா என்பதையும் மண்டபத்தில்தான் பார்க்க முடியும். சாயங்காலம் செட் பண்ணும்போதே தம்பி ஒருவனை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து கேட்பேன். மேடையில் மானிட்டர் சொல்வது எங்களுக்கு. அந்த நாற்காலி சொல்வதுதான் சபைக்கு.

கச்சேரி ஓடும்போது டோன் மாற்றுவது தனி வித்தை. ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி, எம்.எஸ்.வி பாட்டு ஒன்றைக் கேட்கிறார். தொடக்கத்தில் அக்கார்டியன், முதல் இடையிசையில் குழலும் அதைத் தொடர்ந்து வயலினும், இரண்டாவதில் சிதார். பாடகர் தொண்டையைச் செருமும் நேரத்தில் இந்த நாலையும் வரும் வரிசையிலேயே பக்கத்துப் பக்கத்துப் பட்டன்களில் வைத்துக்கொள்வேன். பழைய கீபோர்டுகளில் டோனை மாற்றினால் ஒலித்துக்கொண்டிருப்பது வெட்டுப்படும். அதனால் குழலின் கடைசி ஸ்வரத்தை மேல் கீபோர்டில் வலது கை பிடித்திருக்கும்போதே, கீழ் கீபோர்டில் வயலினை இடது கை எடுத்துவிடும். வயலின் நடக்கும்போது மேலே சிதார் தயாராகிவிடும். கை எப்போதும் ஒரு பிட் முன்னால் இருக்க வேண்டும், காது நடக்கும் பிட்டிலேயே இருக்க வேண்டும். அக்கார்டியனுக்குக் கால் வால்யூம் பெடலில் இருக்கும். துருத்தி விரியும்போதும் சுருங்கும்போதும் சத்தம் ஏறி இறங்குமே, அதைக் காலால்தான் தர முடியும்.

அடுக்கு வைப்பதில் இளைஞர்களுக்கு ஆசை அதிகம். பியானோ மேல் ஸ்டிரிங்ஸ், அதன் மேல் பேட், அதன் மேல் மணி. 1992-இல் ‘ரோஜா’ வந்து பாட்டுகளின் பின்புலமே மாறிய பிறகு, இந்த ஆசைக்கு நியாயமும் இருந்தது. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 64 குரல் பேசும் கீபோர்டில், இரண்டு ஸ்டீரியோ டோனை அடுக்கினால் ஒரு கட்டைக்கு நாலு குரல் செலவு. பதினாறு ஸ்வரத்தோடு தீர்ந்துபோகும். சஸ்டெய்ன் பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் பழைய ஸ்வரங்கள் பாதியில் அறுபடும். சத்தத்திலும் செலவு உண்டு. ஒவ்வொரு அடுக்கும் பாடகரின் குரலுக்குரிய இடத்தில் கொஞ்சத்தைத் தின்னும். பாட்டில் பாடகர் வாய் திறந்ததும் ஒரு அடுக்கு குறைய வேண்டும். விஜி மேனுவல் இளையராஜாவுக்கு வாசித்த கீபோர்டுகளைக் கேட்டுப் பாருங்கள். எங்கே நுழைய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கும்.

என்னிடம் கற்க வரும் தம்பிகளை நான் கீபோர்டு முன்னால் உட்கார வைப்பதற்கு முன், ஒரு பாட்டைக் கொடுத்து, கேட்கிற கருவிகளின் பெயரை வரிசையாக எழுதச் சொல்வேன். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று எழுதச் சொல்வேன். பாடகருக்குப் பதில் சொல்கிறதா, தாளத்தை நிமிண்டுகிறதா, சும்மா நிழல் தருகிறதா? "அண்ணே, இந்த ஆர்கன் டோன் எந்த நம்பர்?" என்று ஒருவன் கேட்டான். "நம்பர் கெடக்கட்டும் தம்பி, அது அங்க எதுக்கு வருது சொல்லு" என்றேன். அவன் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, "கிதார் விடுற இடைவெளியில மட்டும் வருதுண்ணே" என்றான். அது தெரிந்த பிறகு அவனுக்கு எண் தேவைப்படவில்லை. இருக்கிற ஆர்கன்களில் சட்டென்று பேசிச் சட்டென்று நிற்பது எது என்று அவனே தேடி எடுத்துக்கொண்டான். ஆயிரம் டோன் இருக்கும் கீபோர்டில் ஐம்பதை இப்படிக் குணம் தெரிந்து வைத்திருப்பவன் எந்தக் கச்சேரியையும் தாண்டிவிடுவான்.

அந்த நாகசுரக்காரர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். நாங்கள் ஒவ்வொரு டோனை எடுக்கும்போதும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருடைய நாற்காலி காலியாகியிருக்கிறது. மேடையில் ஆள் குறைந்ததற்குக் கீபோர்டு மட்டும் காரணம் இல்லை. கச்சேரிக்குக் கொடுக்கும் பணமும் காரணம். ஆனாலும் அவர்களுடைய வேலையைச் செய்து அவர்களுடைய சம்பளத்தையும் வாங்குகிறவர்கள் நாங்கள்தான். அதனால் எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். மேடையில் குழல்காரர் இருந்தால் குழல் டோனைத் தொடமாட்டேன். அவர் வாசிக்கும்போது ஸ்டிரிங்ஸைக்கூடக் கீழே இறக்கிக்கொள்வேன். பார்ட்டிக்காரர் ஒரு கலைஞரைக் குறைக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டால், கூட்டிவாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆள் இல்லாமல் நானே வாசிக்க நேர்ந்தால், அந்தக் கருவியின் மூச்சையும் எல்லையையும் மீறமாட்டேன்.

தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். கீபோர்டில் ஷெனாய் வாசிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு ஷெனாய்க்காரர் எதிரில் போய் உட்காருங்கள். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த ஸ்வரத்துக்குக் கன்னம் உப்புகிறது, எதைத் தொடவே மாட்டேன் என்கிறார் என்று பாருங்கள். காபி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், மனசாரச் சொல்வார்கள். அதற்குப் பிறகு கீபோர்டைத் திறந்தால், எந்த டோன் என்ற கேள்விக்குப் பதில் உங்கள் காதிலேயே இருக்கும்.